நரிக்கான ரைபிள் தோட்டாவை நீங்களே நிரப்பும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பது

மார்ச் மாதக் கடைசி. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு மேய்ச்சல் நிலம். செம்மறிகள் குட்டி போடும் நேரம். மூன்று இரவாகக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன நரி, அன்றைக்கு வேலியோரம் 120 மீட்டரில் நின்றது. ரைபிளின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் தள்ளினேன், அதன் கைப்பிடி கீழே இறங்கவில்லை. அழுத்தித் தள்ளினேன், சத்தம் கேட்டது, நரி போய்விட்டது. மறுநாள் காலையில் இன்னொரு குட்டியைக் காணோம் என்று பண்ணைக்காரர் சொன்னார். அந்தத் தோட்டாவை நிரப்பியவன் நான்தான். மீதி இருந்த 19 தோட்டாக்களைப் பகல் வெளிச்சத்தில் சோதித்தபோது 6 தோட்டாக்களில் அதே கோளாறு இருந்தது.

புதிதாகத் தோட்டா நிரப்பத் தொடங்கும் யாருக்கும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: கோளாறு மேசையிலேயே தெரிந்துவிட வேண்டும். இருட்டில் தெரிந்தால் நரி தப்பும், அல்லது காயத்தோடு ஓடிச் சாகும். இரண்டாவது இன்னும் கொடுமை. மேசையில் தெரியவேண்டுமென்றால் பித்தளைக் கூட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். நடந்தது எல்லாவற்றையும் அது தன் மேலேயே எழுதி வைத்திருக்கும்.

சில சொற்களைப் பிரித்துக்கொள்வோம். முன்னால் பறந்து போவது குண்டு. பித்தளையால் ஆனது கூடு. அதற்கு அடி, உடல், தோள், கழுத்து உண்டு. உள்ளே இருப்பது மருந்து, அதாவது வெடிமருந்து. அடியில் நடுவே பதித்திருப்பது பிரைமர்; ஊசி குத்தியதும் வெடித்து மருந்தைப் பற்றவைப்பது அதுதான். நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா. பிரிட்டனில் நரிக்குப் பெரும்பாலும் பயன்படுபவை .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .243 வின்செஸ்டர். கீழே சொல்வதெல்லாம் இவற்றை போல்ட் ரைபிளில் சுடுபவர்களுக்கு. காவல்துறை தரும் ஆயுதச் சான்றிதழைக் காட்டினால்தான் கடையில் பிரைமர் கிடைக்கும். 2006ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. வீட்டில் நிரப்பிய தோட்டாவும் சான்றிதழில் அனுமதித்த எண்ணிக்கைக்குள் அடங்க வேண்டும்.

மருந்து எவ்வளவு போடுவது என்று இங்கே ஒரு எண்கூடத் தரமாட்டேன். மருந்து தயாரிப்பாளரும் குண்டு தயாரிப்பாளரும் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டும் எடுங்கள். தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று நம்பவும் கூடாது. ஐஎம்ஆர் 4895 வேறு, ஹாட்ஜ்டன் எச்4895 வேறு. ஒன்றின் அட்டவணை மற்றதற்குப் பொருந்தாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம்.

போல்ட் மூட மறுக்கிறது, அல்லது இறுக்கமாக மூடுகிறது

புதியவர்களுக்கு அதிகம் வரும் கோளாறு இதுதான். பலத்தால் மூடாதீர்கள். குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்க, தோட்டாவை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள்.

கோளாறு கூட்டிலா, குண்டிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். அதே தொகுப்பில் டையில் (சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் எஃகு அச்சு) போட்டு அளவாக்கிய, பிரைமரும் மருந்தும் இல்லாத வெறும் கூடு ஒன்றை சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், விட்டுப் பாருங்கள். வெறும் கூடே இறுகினால் கோளாறு அளவாக்கும் வேலையில். வெறும் கூடு வழுக்கிக்கொண்டு போய், நிரப்பியது மட்டும் இறுகினால் கோளாறு குண்டைப் பதித்த வேலையில். இந்த ஒரு சோதனை பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெறும் கூடு இறுகுகிறது என்று வையுங்கள். அதன் மேல் கறுப்பு மார்க்கர் பேனாவால் தோள், கழுத்து, உடல் எல்லாம் பூசி, மறுபடி சேம்பரில் விட்டு எடுங்கள். எங்கே மை தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் இடிக்கிறது.

தோளில் தேய்ந்திருந்தால் டை போதுமான அளவு கீழே இறங்கவில்லை. அன்றிரவு எனக்கு நடந்தது இதுதான். டையைக் கொஞ்சம் இறக்கவேண்டும். எவ்வளவு என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வழக்கமான டையின் மரை அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச் சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர் இறங்கும். உங்கள் ரைபிளில் சுட்ட கூட்டின் தோளை 0.025 முதல் 0.05 மில்லிமீட்டர் வரை பின்னுக்குத் தள்ளினால் போதும். அதற்குச் சுமார் 10 பாகை திருப்பினாலே தாராளம். கால் சுற்று திருப்பினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் போய்விடுவீர்கள். அப்போது போல்ட் சுகமாக மூடும், ஆனால் கூடு ஒவ்வொரு சூட்டிலும் நீண்டு நீண்டு அடியில் அறுந்துபோகும். அதைப் பின்னால் சொல்கிறேன். தோளை அளக்க, வெர்னியர் காலிப்பரில் பொருத்தும் சிறு அளவுத்துண்டு கிடைக்கிறது. புதியவர் வாங்கவேண்டிய சாமான்களில் அதை நான் தராசுக்கு அடுத்து வைப்பேன்.

கழுத்தின் விளிம்பில் தேய்ந்திருந்தால் கூடு நீண்டுவிட்டது. கூட்டின் உச்ச நீளம் .223க்கு 44.70 மில்லிமீட்டர், .22-250க்கு 48.56, .243க்கு 51.94. தாண்டினால் ஒவ்வொன்றையும் கால் மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி வெட்டி, விளிம்பின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குங்கள். இதை அழகுக்காகச் செய்யும் வேலை என்று நினைக்கக் கூடாது. நீண்ட கழுத்து சேம்பரின் முனையில் நசுங்கிக் குண்டைக் கவ்விக்கொள்ளும். குண்டு விடுபட முடியாமல் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்.

வெறும் கூடு சரியாகப் போய், தோட்டா மட்டும் இறுகினால் குண்டில் மை பூசுங்கள். குண்டின் வளைவில் சரிசம இடைவெளியில் கீறல்கள் தெரிந்தால், அது குழலின் உள்வரிகளில் (குண்டைச் சுழலவைக்கும் முறுக்கு வரிகள்) போய் முட்டுகிறது; இன்னும் ஆழமாகப் பதிக்க வேண்டும். அட்டவணை சொல்லும் மொத்த நீளத்தில் ஆரம்பியுங்கள். உள்வரியைத் தொட்டுக்கொண்டிருக்கும் குண்டு நரி சுடுபவருக்கு வேண்டாம். அழுத்தம் கூடும் என்பது ஒரு காரணம். இன்னொன்று இரவில் நடக்கும்: சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே நின்று, கூடு மட்டும் வர, மருந்து முழுவதும் போல்ட்டுக்குள் கொட்டும். அதோடு அன்றைய வேட்டை முடிந்தது.

தோளுக்குக் கீழே லேசாகப் புடைத்திருக்கிறதா? குண்டு பதிக்கும் டையை அளவுக்கு மீறி இறக்கியதால் கழுத்தின் விளிம்பு அதற்குள் இருக்கும் மடிப்பில் இடித்து, தோள் நசுங்கியிருக்கும். டையை ஒரு சுற்று ஏற்றி, குண்டை அழுத்தும் நடுத்தண்டை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது

மசகு போதவில்லை. கூட்டை டைக்குள் தள்ளும் பிரஸ்ஸின் கைப்பிடி வழக்கத்துக்கு மேல் கனக்கும் அந்த நொடியிலேயே நிறுத்தி, மெல்லப் பின்வாங்கி, கூட்டைத் துடைத்து மறுபடி மசகு தடவியிருந்தால் சிக்கியிருக்காது. சிக்கிய பிறகு இழுத்தால் விளிம்புதான் பிய்யும். டையைக் கழற்றி, கூட்டின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகு போட்டு இழுக்கவேண்டும். அதற்கென்றே சிறு பெட்டியாக விற்கிறார்கள். பிரைமர் ஏற்கெனவே வெளியேறிவிட்டதா என்று பார்த்த பிறகே துளையிடுங்கள்.

தோளில் சின்னச் சின்னப் பள்ளங்கள் தெரிந்தால் அதற்கு நேர் எதிர்: மசகு அதிகம். தோளில் மசகு தடவவே கூடாது. லேசான பள்ளம் அடுத்த சூட்டில் தானே நிமிர்ந்துவிடும்.

பிரைமர் குழிக்குள் போகவில்லை, அல்லது துருத்திக்கொண்டு நிற்கிறது

.223க்குச் சிறிய ரைபிள் பிரைமர்; .22-250, .243 இரண்டுக்கும் பெரியது. அது சரியாக இருந்தும் போகவில்லை என்றால் அது ராணுவத் தொழிற்சாலையில் செய்த கூடாக இருக்கலாம். அவற்றில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை அழுத்தி இறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பைச் சீவி எடுத்தால்தான் புதியது நுழையும். அடித்து நுழைக்க நினைக்காதீர்கள், பிரைமர் வெடிக்கும்.

பதித்த பிரைமர் கூட்டின் அடிமட்டத்துக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் கீழே இருக்கவேண்டும். விரல் நுனியால் தடவினால் சிறு பள்ளம் தெரியும். நான் ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்கிறேன். நூறு தோட்டாவுக்கு ஐந்து நிமிடம். மட்டத்துக்கு மேலே நின்றால் குழியில் கரி இருக்கிறதா பாருங்கள். பிரைமர் விரலுக்கே கழன்று வரும்படி குழி தளர்ந்திருந்தால் அந்தக் கூட்டைத் தூக்கிப் போடுங்கள்.

விசையை இழுத்தால் 'டிக்', வேறொன்றும் இல்லை

உடனே போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடி காத்திருங்கள்; பிரைமர் தாமதமாகவும் பிடிக்கலாம். பிறகு எடுத்து அடியைப் பாருங்கள். ஊசி ஆழமாகக் குத்தியிருந்தால் பிரைமர் கெட்டது. எண்ணெய் பட்டிருக்கும், அல்லது ஈரம் புகுந்திருக்கும். மசகு கையோடு பிரைமரைத் தொடக்கூடாது என்பது இதனால்தான். குத்து மேலோட்டமாக இருந்தால் பிரைமர் முழுதாகப் பதியாமல் முதல் குத்து அதைப் பதிக்கவே செலவாகியிருக்கும். அல்லது குளிரில் போல்ட்டுக்குள் கிரீஸ் உறைந்து ஊசியின் வேகத்தைக் குறைத்திருக்கும். தொழிற்சாலைத் தோட்டாவும் அதே ரைபிளில் 'டிக்' என்றால் ரைபிளைத்தான் பார்க்கவேண்டும்.

வழக்கமான வெடிச்சத்தத்துக்குப் பதில் மந்தமான 'டப்'

நிறுத்துங்கள். அடுத்த தோட்டாவைப் போடவே போடாதீர்கள். மருந்து இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்து, குண்டைக் குழலுக்குள் பாதி தூரம் தள்ளி நிறுத்தியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொரு குண்டைச் சுட்டால் குழல் புடைக்கும் அல்லது கிழியும். முகம் அதன் அருகில்தான் இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரியவில்லை என்றால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போங்கள்.

காரணம் பெரும்பாலும் ஒன்றே: ஒரு கூடு மருந்தில்லாமல் தாண்டிப் போய்விட்டது. குண்டு பதிக்கும் முன் தட்டிலுள்ள கூடுகள் அத்தனைக்குள்ளும் டார்ச் அடித்து மருந்தின் மட்டத்தைப் பாருங்கள். ஒன்று தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் கண்ணே சொல்லிவிடும். நடுவில் தொலைபேசி வந்தால், கையிலிருந்த கூட்டைக் காலி செய்துவிட்டு அப்புறம் எடுத்துப் பேசுங்கள்.

சுட்ட பிறகு போல்ட் கைப்பிடி தூக்க முடியவில்லை

இந்த ஒரு அறிகுறிக்கு நான் எந்தச் சமாதானமும் ஏற்பதில்லை. அந்தத் தொகுப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கூட்டின் அடியைப் பாருங்கள். பிரைமரின் வட்டமான ஓரம் தட்டையாகிக் குழியை நிரப்பியிருக்கிறதா? ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி எரிமலை வாய் போல விளிம்பு எழும்பியிருக்கிறதா? அடித்தட்டில் பளபளப்பான வட்டம் அல்லது அரைவட்டக் குறி பதிந்திருக்கிறதா? அந்தக் குறி, பித்தளை இளகி கூடு தள்ளியின் துளைக்குள் பிதுங்கியதன் அடையாளம். இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலே அழுத்தம் எல்லை மீறிவிட்டது.

இந்த அறிகுறிகள் தாமதமாகத்தான் வரும். தோட்டாக்களுக்குத் தர அளவு வகுக்கும் அமெரிக்க அமைப்பான சாமி (SAAMI) .223க்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பிரைமர் தட்டையாவதும் கைப்பிடி கனப்பதும் பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிய பிறகே தெரியும். அதனால் ‘அறிகுறி வரும்வரை ஏற்றிப் பார்ப்போம்’ என்ற வழி தவறு. அட்டவணையின் உச்சத்தைத் தாண்டாதீர்கள்; அதற்கு முன்பே அறிகுறி வந்தால் அங்கேயே கீழே இறங்குங்கள். தனியாகத் தட்டையான பிரைமர் மட்டும் வந்து, கைப்பிடி இலேசாக இருந்தால், தோளை அதிகம் தள்ளிவிட்டீர்களா என்றும் பாருங்கள். அதுவும் பிரைமரைத் தட்டையாக்கும்.

நேற்றுவரை சரியாக இருந்தது இன்று ஏன்? கேட்கவேண்டிய கேள்விகள் இவை. கூடு வேறு தயாரிப்பா? சுவர் தடித்திருந்தால் உள்ளளவு குறையும். குண்டு அதே எடையில் வேறு வகையா? பிரைமர் மாற்றினீர்களா? புதிய டப்பா மருந்தா? கூடு நீண்டுவிட்டதா? தோட்டாப் பெட்டி வெயிலில் நின்ற காருக்குள் கிடந்ததா? சில மருந்துகள் சூட்டில் கணிசமாக வேகமெடுக்கும். இதில் எது மாறியிருந்தாலும் தொடக்க அளவுக்கே திரும்பிப் போய் மறுபடி ஏறவேண்டும். தொடக்க அளவுக்குக் கீழேயும் போகாதீர்கள். மெதுவாக எரியும் மருந்து குறைவாக இருந்தால் அழுத்தம் கணிக்கமுடியாதபடி நடந்துகொள்ளும்.

அப்புறம் தராசு. மின்னணுத் தராசை அரை மணி நேரம் முன்பே போட்டு வையுங்கள். ஜன்னல் காற்றும் அருகிலுள்ள கைபேசியும் அதைத் தடுமாற வைக்கும். பத்து கூட்டுக்கு ஒரு தடவை சோதனை எடைக்கல்லை வைத்துப் பாருங்கள். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம்தான்; .223 போன்ற சின்னக் கூட்டில் அதில் பாதி கூடினாலே அழுத்தம் கணிசமாக ஏறும்.

நரிக்காக உச்ச அளவைத் தொடவேண்டிய தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். உச்சத்துக்கும் அதற்குச் சற்றுக் கீழே உள்ள அளவுக்கும் 150 மீட்டரில் நரிக்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. கூட்டின் ஆயுளுக்கும் உங்கள் கண்ணுக்கும் இருக்கிறது.

கூடு விரிசல் விட்டது

எங்கே விரிசல் என்பதுதான் எல்லாம். கழுத்தில் நீளவாட்டில் பிளந்தால் பித்தளை வேலை செய்து செய்து கடினமாகிவிட்டது. ஆபத்து குறைவு, அந்தக் கூட்டைக் கழியுங்கள், ஒரே தொகுப்பில் இரண்டு மூன்று பிளந்தால் மொத்தத்தையும் கழியுங்கள். கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை உண்டு. அடிப்பகுதியைச் சூடாக்கினால் அது இளகி ஆபத்தாகிவிடும் என்பதால் முதல் ஆண்டில் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

அடியிலிருந்து சற்று மேலே, உடலைச் சுற்றிப் பளபளப்பான வளையம் தெரிந்தால் அது வேறு சமாசாரம். கூடு அங்கே மெலிந்து அறுந்துபோகத் தயாராக இருக்கிறது. அறுந்தால் சூடான வாயு போல்ட்டின் வழியாகப் பின்னுக்கு வரும். சோதனை எளிது: காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு உட்சுவரை அடியிலிருந்து மேலாக வருடுங்கள். நுனி பள்ளத்தில் மாட்டினால் அந்தக் கூடு முடிந்தது. கண்ணுக்கு வளையம் தெரியும் முன்பே கிளிப் சொல்லிவிடும். காரணம், நான் முன்பு சொன்ன அதே கால் சுற்று.

குண்டுகள் தாளில் சிதறுகின்றன

மருந்தைத் தொடும் முன் தொழிற்சாலைத் தோட்டா ஐந்தை அதே ரைபிளில் சுடுங்கள். அதுவும் சிதறினால் ஸ்கோப் தாங்கியின் திருகுகள், குழலின் கரி, குழல் முனையில் சத்தத்தைக் குறைக்க மாட்டும் மாடரேட்டர் தளர்ந்திருப்பது இவற்றைப் பாருங்கள். பிரிட்டனில் நரி சுடுபவர்கள் பெரும்பாலோர் மாடரேட்டர் போட்டே சுடுகிறார்கள். அதைக் கழற்றினால் குண்டு விழும் இடமே மாறும். சோதனையையும் அது மாட்டிய நிலையில்தான் செய்யவேண்டும்.

தாளில் ஓட்டை நீள்வட்டமாக இருந்தால் குண்டு உருண்டுகொண்டு போகிறது. குழலின் முறுக்கு அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதவில்லை. பழைய .223 ரைபிள்கள் பலவற்றில் 12 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. அதற்கு 55 கிரெய்ன் வரை சுகம். 69 கிரெய்ன் வாங்கி வந்துவிட்டு மருந்தை எவ்வளவு மாற்றினாலும் சரியாகாது. இதற்கு எதிரானதும் உண்டு: தாளில் ஓட்டையே இல்லை, சில சமயம் சாம்பல் நிறத் தீற்றல் மட்டும். மெல்லிய உறையுள்ள இலகுக் குண்டை வேகமான முறுக்கில் அதிவேகத்தில் சுட்டால் அது காற்றிலேயே சிதறிவிடும்.

ஓட்டை வட்டமாக இருந்து பரவல் மட்டும் அதிகமென்றால் இப்போது மருந்தைத் தொடலாம். .223இல் 0.2 அல்லது 0.3 கிரெய்ன் படிகளாக, அட்டவணைக்குள். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மருந்தையும் குண்டின் ஆழத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது. மூன்று குண்டு நெருங்கி விழுந்தால் நம்பாதீர்கள். ஐந்து சுடுங்கள், இன்னொரு நாளும் சுடுங்கள். 100 மீட்டரில் ஐந்தும் 30 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் அது ஏறக்குறைய ஒரு பாகைக் கலை (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). நரிக்கு அது போதும், அதற்கு மேல் துரத்த வேண்டாம். மிச்ச நேரத்தை முக்காலித் தாங்கியில் ரைபிளை வைத்து நின்றபடி சுடப் பழகச் செலவிடுங்கள்.

மேசையில் சரி, வயலில் தகராறு

குண்டு கூட்டுக்குள் பின்னுக்குப் போயிருந்தால் கழுத்தின் பிடி தளர்ந்திருக்கிறது. தோட்டாவின் முனையை மேசையில் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் அந்தத் தொகுப்பைக் கொண்டுபோகாதீர்கள். பின்னுக்குப் போன குண்டு அழுத்தத்தையும் ஏற்றும். மேகசினில் (ரைபிளில் பொருந்தும் தோட்டாப் பெட்டி) தோட்டா சிக்கினால் மொத்த நீளம் மேகசினுக்கு அதிகம். உள்வரிக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று நீட்டிப் பதித்திருப்பீர்கள். மேகசின் அனுமதிக்கும் நீளமே உங்கள் நீளம்.

நரிக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு தோட்டாவையும் முந்தைய நாள் பகலில், சுடுதளத்திலோ பாதுகாப்பான மண்மேட்டை நோக்கியோ, சேம்பரில் விட்டு எடுத்துப் பாருங்கள். வீட்டுக்குள் வேண்டாம். அந்த மார்ச் இரவுக்குப் பிறகு நான் இதைத் தவறவிட்டதில்லை.

சந்தேகமான தொகுப்பைச் சுட்டுத் தீர்க்காதீர்கள். சுத்தியல் வடிவில் குண்டு பிரிக்கும் கருவி மலிவாகவே கிடைக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரியுங்கள். கூடும் குண்டும் மறுபடி உதவும். மருந்தை மட்டும் டப்பாவுக்குத் திருப்பிக் கொட்டாதீர்கள். எந்த மருந்து என்ற உறுதி ஒருமுறை போனால் போனதுதான். தோட்டத்துப் புல்லில் மெல்லியதாகத் தூவிவிடலாம். வேலை முடிந்ததும் சாப்பாட்டைத் தொடும் முன் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்; சுட்ட கூடுகளின் கரியில் ஈயம் இருக்கிறது. பெட்டிக்கு மேல் ஒட்டும் சீட்டில் தேதி, கூடு, எத்தனையாவது சூடு, பிரைமர், மருந்தும் எடையும், குண்டு, மொத்த நீளம் ஏழையும் எழுதுங்கள். சீட்டு இல்லாத பெட்டி என் அலமாரியில் இருந்தால் அது பிரிப்பதற்காகவே இருக்கிறது.